பொக்கு இல்லாத கொட்டைகள்

பெண் கேட்டுப் போகிறவன் தானே மரமேறி உலுக்கிய கேதுருக் கொட்டையோடு போக வேண்டும் என்பது அந்த சைபீரியக் காட்டு ஊர்களின் வழக்கம். எர்மில் நாற்பதைத் தாண்டியவன். மரமேறுவதென்றால் அவனுக்குப் பயம். அதனால் குனிந்து செய்கிற வேலையைத் தேர்ந்தெடுத்தான். முதுகில் ஐந்து கோடுள்ள வரியணில் வேருக்கடியில் வைத்திருந்த வளையைத் தோண்டினான். குளிர்காலத்துக்கென்று அது சேர்த்து வைத்திருந்ததைப் பையில் வழித்துப் போட்டுக்கொண்டு, விதவை உஸ்தீனியாவின் வீட்டுக்குப் போனான்.

"மரம் ரொம்ப உயரம்," என்றான். அதில் பொய் இல்லை.

உஸ்தீனியாவின் அண்ணன் சவ்வாத்தி கொட்டைகளைக் கடித்து ஓட்டைத் துப்பிக்கொண்டே இருந்தான். திடீரென்று வாயை நிறுத்தினான்.

"ஏன் மாப்ள, ஒண்ணுகூடப் பொக்கு இல்லையே?"

"பொறுக்கி எடுத்தேன்."

"கடிக்காமலே உள்ள பருப்பு இருக்கான்னு தெரியுமா ஒனக்கு? அந்த மூக்கு இந்தக் காட்டுல ஒருத்தனுக்குத்தான் உண்டு. அவன் முதுகுல அஞ்சு கோடு இருக்கும். சட்டையக் கழட்டு, பாப்போம்."

அடுப்போரம் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எர்மிலும் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியதுதான் மிச்சம்.

உஸ்தீனியா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்ததைக் கூட்டி அள்ளிப் பையில் போட்டாள்.

"பனி உருகுறப்ப காட்டுல திங்க ஒண்ணும் இருக்காது. மிச்சம் வச்சதத் தின்னுட்டு, அந்தத் தெம்புலதான் அது ஜோடி தேடும், குட்டி போடும். நீங்களும் ஜோடி தேடித்தானே வந்திருக்கீங்க?"

எர்மிலுக்குக் காதுமடல் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மொதல்ல இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. என் பதில அப்புறம் கேளுங்க."

எர்மில் பையோடு காட்டுக்குத் திரும்பினான். வளையின் வாயை முன்பு அவனே இடித்துத் தள்ளியிருந்தான். கையால் மண்ணை ஒதுக்கிக் கொட்டைகளைக் குவித்தான். சவ்வாத்தி தின்ற குறைக்குத் தன் ரொட்டியைப் பிட்டு வைத்தான். இதையும் ஒரு ஈடு என்று வைக்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தான். வெகுநேரம் கழித்து, விழுந்து கிடந்த மரத்தின்மேல் அணில் வந்தது. கன்னம் புடைக்கக் கொட்டைகளை அடைத்துக்கொண்டது. ஆனால் வளைக்குள் போகவில்லை. ஒளித்துவைக்க வேறு இடம் தேடி ஓட எழுந்தது, அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

புது இடம் எதுவென்று இவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

எர்மில் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். போதுமோ என்னவோ என்று கண்ணையும் மூடிக்கொண்டான்.