கல்யாணத்துக்கு வந்த காடு

1958ஆம் ஆண்டு தை மாதம், மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் நடந்த பெருமாயி மகள் கல்யாணத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்கள் வந்திருந்தன. மனிதர்கள் அதைவிடக் குறைவு. பக்கத்துக் குண்டூர் நாட்டுக்காரர்கள் முந்நூறுதான் வந்தது என்று இன்றும் சாதிப்பார்கள். அடுத்த நாட்டுக் கல்யாணம் என்றால் அவர்கள் வாயிலிருந்து எண்ணிக்கை முழுசாக வந்ததே கிடையாது. பலா, வேங்கை, தான்றி, கடுக்காய், காட்டுமா என்று ஒன்றைத் தவிர எல்லாம் விடிவதற்குள் வந்து பெருமாயியின் குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் நின்றுகொண்டன. அன்றைக்கு ஊரில் அதிகம் பேசப்பட்டது பூசணிக்காய் விலை ஏறிப்போனதைப் பற்றித்தான்.

பெருமாயிக்கு அப்போது நாற்பது வயது. புருஷன் போய் ஆறு வருஷம். நெட்டையான பெண், வாய் கொஞ்சம் நீளம், எடுத்த காரியத்தைப் பாதியில் விடத் தெரியாதவள். அவள் ஊருக்கு மேலே கோயில் காடு இருந்தது. அதற்குள் யாரும் செருப்புக்காலோடு போக மாட்டார்கள், சுள்ளிகூடப் பொறுக்க மாட்டார்கள். அதன் அடியிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரில்தான் பள்ளத்து நெல்வயல் அத்தனையும் விளைந்தது. அடிவாரத்துக்கு அப்பால் ஏதோ ஒரு ஆபீஸில் அந்த இடம் தரிசு என்று எழுதப்பட்டிருந்ததால், மாணிக்கம் என்ற லாரிக்காரர் அங்கே மரம் வெட்டிக்கொள்ள உத்தரவு வாங்கிவிட்டார். தை இருபதாம் தேதியிலிருந்து மாசி முடிய அவருக்குக் கெடு. அதற்குள் ஒரே ஒரு மரம் விழுந்தாலும் வேலை தொடங்கியதாக அர்த்தம். பிறகு கெடு கிடையாது, கடைசி மரம் வரை வெட்டலாம். ஒன்றும் விழாவிட்டால் உத்தரவு செல்லாது. அந்தத் தை இருபதில்தான் பெருமாயி தன் மகள் கண்ணாயிக்கு முகூர்த்தம் குறித்திருந்தாள்.

அப்போது மலைக்கு ரோடு இல்லை. பெருமாயி காலையில் இறங்கி, நடந்தே போய், அந்த ஆபீஸில் மனுவோடு நின்றாள். குமாஸ்தா நல்ல மனுஷர்தான், ஆனால் சாப்பாட்டு நேரம். "அந்தக் காடு உனக்கு என்னம்மா உறவு?" என்று கேட்டார்.

"எல்லாம் எங்களுக்கு மாமன் மச்சான் முறைதானுங்க."

"அப்படியா? கல்யாணம் காட்சிக்கெல்லாம் கூப்பிடுவீங்களா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பெருமாயிக்கோ நெஞ்சில் அடித்தது போல ஆகிவிட்டது. ஏழு தலைமுறையாக உறவு கொண்டாடிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குக்கூட அழைத்ததில்லையே என்று வழியெல்லாம் வெட்கப்பட்டு அழுதுகொண்டே மலை ஏறினாள். மனுவை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. போனால் போகட்டும் என்று நடந்தாள்.

மலையில் கல்யாண அழைப்பு என்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு தடவை, முறை சொல்லி, பேர் சொல்லி அழைக்க வேண்டும். அது ஆண்கள் வேலை. பெருமாயியின் தம்பி காத்தான் முடியாது என்றுவிட்டார். "மரத்துக்கிட்டப் போயித் தட்டை நீட்டுனா குண்டூர்க்காரன் சிரிப்பானுங்க அக்கா." சிரித்தால் பல் தெரியும், வேறென்ன என்று பெருமாயி தானே தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு பெண் அழைப்புத் தட்டு எடுத்தது அரியூர் நாட்டில் அதுதான் முதல் தடவை. ஒன்பது நாள் அழைத்தாள். வேங்கை மாமா, பலா அத்தை, தான்றி மச்சான் என்று ஒவ்வொன்றின் காலடியிலும் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. காய்ப்பில்லாத மரத்திடம் குழந்தை குட்டிகளை விசாரிக்காமல் வந்தாள். அவளுக்கு அந்த நாசூக்கெல்லாம் உண்டு.

முகூர்த்தத்தன்று வந்த மரங்களுக்கு வேருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். சோறு சாப்பிடும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. பலாக்கள் தை மாதத்திலேயே பழம் கொண்டுவந்திருந்தன; வேங்கைகள் தேன் கொண்டுவந்தன. எல்லாம் காட்டில் நின்ற வரிசையிலேயே நின்றன. மணவறைக்குப் பெண்ணை அழைக்கிற நேரத்தில் பெருமாயி அந்த வரிசையைப் பார்த்தாள். நடுவில் ஒரு மரம் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கோயிலுக்குப் பின்னால் கோணலாக நிற்கும் நாவல் மரத்தை அழைக்காமல் விட்டிருந்தாள்.

மேலே மாணிக்கம் எட்டு ஆட்களோடும் கோடரியோடும் வந்து சேர்ந்திருந்தார். காடு இருந்த இடத்தில் முந்நூற்றுப் பதினோரு குழி. அவற்றின் நடுவே ஒரு நாவல் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. மாணிக்கம் விவரமானவர், குழிகளைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மரம் போதும், வேலை தொடங்கிவிடும் என்று ஆட்களுக்குச் சைகை காட்டினார். அந்த நேரத்தில் பெருமாயி தட்டோடு ஓடிவந்து நாவலின் காலில் விழுந்தாள்.

"பெரிய மாமா, மறந்துட்டனுங்க. வேணும்னு செய்யலீங்க. புள்ளை மணவறையில உக்காரப் போவுதுங்க. நீங்க வராம தாலி ஏறாதுங்க."

நாவல் அசையவில்லை. அழைப்பில் விடுபட்ட மாமன் முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டால் அவனுக்கு என்ன மரியாதை? பெருமாயி இரண்டாம் தடவை அழைத்தாள். ஒரு இலை உதிர்ந்தது, அவ்வளவுதான். கோடரிக்காரன் கையை ஓங்கினான்.

"டேய், பொறுடா," என்றார் மாணிக்கம். "அந்தம்மா அழைச்சு முடிக்கட்டும். அழைப்புக்குக் குறுக்க நிக்கக் கூடாது."

மாணிக்கம் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். மூன்று கல்யாணத்திலும் யாரோ ஒரு மாமன் முறுக்கிக்கொண்டு நின்று, அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். மூன்றாம் தடவை பெருமாயிக்குக் குரலே வரவில்லை. மாணிக்கத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் மரத்தின் முன்னால் போய் நின்றார். "ஏனுங்க, பொம்பளை இத்தன தூரம் ஓடியாந்து கேக்குது. பெரியவங்க மனசுல வெச்சுக்காதீங்க. கிளம்புங்க, நேரமாவுதுங்க." நாவல் வேரை உதறிக்கொண்டு கிளம்பியது. வரப்பு தாண்டிப் பாதி தூரம் போன பிறகுதான் மாணிக்கத்துக்குத் தான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. பிறகு என்ன செய்வது? எட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு அவரும் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். பருப்பு நன்றாக இருந்தது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உத்தரவில் இருந்தது தரிசில் நிற்கும் மரங்கள். பெருமாயி தோட்டத்து விருந்தாளிகள் அல்ல. வீட்டுக்காரர் கையால் தாம்பூலம் வாங்காமல் விருந்தாளி கிளம்புவது மலையில் வழக்கமில்லை. பெருமாயி மாசி முடிகிறவரை தாம்பூலம் கொடுக்கவே இல்லை. இடையில் ஒரு அதிகாரி மூச்சு வாங்க ஏறிவந்து குழிகளைப் பார்த்தார். 'மரங்கள் இடத்தில் இல்லை. திருமணத்திற்குச் சென்றுள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. கெடு முடிந்த மறுநாள் மரங்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பின; ஏற்றம் என்பதால் ஒரு பகல் முழுக்க ஆனது. பெருமாயியின் கிழங்கு முழுவதும் மிதிபட்டு நாசமாகியிருந்தது. அந்த வருஷம் ஊரே அவளுக்குக் கிழங்கு கொடுத்தது. அக்காவுக்கு வேறு வேலை இல்லை என்று காத்தான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு மூட்டை அதிகமாகக் கொண்டுவந்து போட்டார்.

அடுத்த எட்டு வருஷத்தில் பல ஊர்ப் பெண்கள் பெருமாயியிடம் வந்து எப்படி அழைப்பது என்று கேட்டுப் போனார்கள். குண்டூர்க்காரர்களும் வந்தார்கள், யாரும் பார்க்காதபோது. ஒன்றையும் விட்டுவிடாதீர்கள், கோணலாக இருப்பதை முதலில் அழையுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். அப்படி ஏழு காடுகள் கல்யாணத்துக்குப் போய்க் கெடு தப்பின.

1967 ஆடியில், நல்ல மழையில், ஒரு மதியம் பெருமாயி போய்ச் சேர்ந்தாள். காத்தான் யார் யாருக்கு ஆள் விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முந்நூற்றுப் பன்னிரண்டும் வாசலுக்கு வந்துவிட்டன. கல்யாணத்துக்குத்தான் தட்டு வைத்து அழைக்க வேண்டும். சாவுக்குக் காதில் விழுந்தால் போதும். இலைகளிலிருந்து சொட்டியது மழைத்தண்ணீர்தான் என்றார் காத்தான். தன் கண்ணிலிருந்து சொட்டியதற்கும் அதையே சொன்னார். மரங்கள் இடுகாடு வரை பாடையின் பின்னால் வந்தன, மண் போட்டு முடிகிறவரை நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் காட்டுக்கு நடந்தன. அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது.