நானூற்றுப் பதினேழாம் நம்பர் மரம்

நிக்கானோரை அந்த மரத்தடியில் கூடாரம் போடச் சொன்னவன் நான்தான். என் மனைவியின் தம்பி அவன்.

எங்கள் காட்டில் ஐந்நூற்றுச் சொச்சம் மரங்களுக்கு நம்பர் தகடு அடித்திருக்கிறார்கள். வறட்சி காட்டை எப்படித் தின்கிறது என்று பார்க்கவாம். அளப்பவன் நான். சுற்றளவு எடுத்த பிறகு அரிவாளால் பட்டையைச் சீவி, உள்ளே ஈரம் இருந்தால்தான் 'உயிரோடு' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். என்ஜினியர் மிலாக்ரோஸ் வைத்த சட்டம் அது. என் படிப்பு மூன்றாம் வகுப்பு. டிக் போட அது போதும். ஆனால் சட்டத்தை நான் நம்பவில்லை. உச்சியில் பச்சை தெரிந்தால் உயிர், இதற்கு ஒரு என்ஜினியரா?

ஆகஸ்ட் வெயிலில் 417-ஐச் சீவாமலே டிக் போட்டேன்.

ஜனவரியில் காஸ்தான்யா கொட்டை பொறுக்கப் போனோம். காஸ்தான்யா மரத்தடியில் யாரும் கூடாரம் போட மாட்டோம், தேங்காய் அளவு காய் விழுந்து மண்டையைப் பிளந்துவிடும். வேறு மரம் தேடினான் நிக்கானோர். நான் 417-ஐக் காட்டினேன்.

"மச்சான், இது விழாதே?"

"விழாதுடா. உயிரோட இருக்குன்னு நானே டிக் போட்டிருக்கேன்."

"நீங்க போட்ட டிக்கா? அப்ப ஹெல்மெட் மாட்டிக்கிட்டே தூங்கறேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை. அவனை வெளியே எடுக்க மரத்தை நான்கு மணி நேரம் அறுத்தோம். முகத்தை அவன் அக்காளுக்குக் காட்டவில்லை.

அடிமரம் முழுக்க உளுத்த தூள். உச்சியில் இருந்த பச்சை கொடியின் இலை. என் கை தடிமனில் ஒரு கொடி, செத்த மரத்தில் ஏறித் தழைத்திருந்தது.

மிலாக்ரோஸ் விபத்து அறிக்கைத் தாளோடு வந்தாள்.

"பெரியவரே, காத்துல சாஞ்சதுன்னு எழுதிடறேன். யார் மேலயும் பழி வராது."

"செத்த மரம்னு எழுதும்மா. நான் சீவலைன்னும் எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லியே."

"ஓரத்துல எழுது."

மறுநாள் ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தேன், ஒவ்வொன்றையும் சீவிக்கொண்டு. பச்சைத் தலையோடு செத்து நின்றவை முப்பத்தொன்று. அதில் கடைசி மரத்தடியில் இரண்டு பேர் யூக்கா கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்கடா."

"ஏன் தாத்தா? மேல பச்சையாத்தானே இருக்கு."

அரிவாளை அவன் கையில் கொடுத்தேன். நீயே சீவு என்றேன்.