சித்திரை ஒன்று வெளியீடு

"தப்பு என்னுதுதான் சார்" என்று தௌசிஃப் நான்காவது முறையாகச் சொன்னபோது நரசிம்மன் டீ கிளாஸை வாயருகிலேயே நிறுத்தினார்.

"பழைய விண்டோஸ் அப்டியே இருக்கட்டும்னுதான் அமுக்கனேன், அப்டித்தான் ஞாபகம் கீது. எங்கியோ கை தவறிச்சு போல. நீங்க இன்னா பண்ணுவீங்க, ஓசியில குடுக்கறீங்க. அதுக்கு மேல லீவு நாள்ல பஸ் புடிச்சு வந்துகினு கீறீங்க."

தௌசிஃபின் பிரௌசிங் சென்டர் கோவளத்தில் கடைத்தெருவை ஒட்டி இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்களில் கடைசி ஒன்று அவன் தங்கை அலீனாவுக்கு. எம்.சி.ஏ. கடைசி வருடப் பிராஜெக்டை, நாலு மாத உழைப்பை, அதில்தான் வைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை தௌசிஃப் ஆசைப்பட்டு, விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகத் தரும் புதிய தமிழ் லினக்ஸ் சிடியை அதில் போட்டான். டிஸ்க் மொத்தமும் துடைத்ததுபோல அழிந்துபோயிற்று. மிஞ்சியது பிப்ரவரியில் தாளில் பிரிண்ட் எடுத்து வைத்த ஒரு காப்பி. திங்கட்கிழமை பிராஜெக்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான். ஜூனில் சேரச் சொல்லியிருக்கும் கம்பெனி அதுவரை காத்திருக்காது. ஆறு நாளாக அவள் அண்ணனோடு பேசுவதில்லை. இப்போதும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

காலையிலிருந்து நரசிம்மன் அந்த டிஸ்க்கோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டார். ஒன்றும் தேறவில்லை.

அந்த சிடி அவருடையது. பகலில் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்து உத்தியோகம். மிச்ச நேரத்தில் ஏழு நண்பர்களோடு சேர்ந்து தமிழ் லினக்ஸ். சித்திரை ஒன்று, ஐப்பசி ஒன்று, வருடத்துக்கு இரண்டு வெளியீடு, தேதி தேதிதான் என்று சட்டம் போட்டவரும் அவரே. 'தயாரானதும் வரும்' என்று சொல்லி வருடக்கணக்கில் இழுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "பொண்ணும் மாப்பிள்ளையும் முழுசாத் தயாரான பிறகுதான் கல்யாணம்னா, நம்ம ஊர்ல ஒரு கல்யாணமும் நடக்காது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் கைத்தட்டு வாங்குவார். அதில் பொய்யும் இல்லை. தேதி என்ற ஒன்று இல்லாவிட்டால், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அல்லாடும் எட்டுப் பேர் எந்தக் காலத்திலும் எதையும் முடித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஏப்ரல் ஒன்பதாம் தேதி மதுராந்தகத்திலிருந்து பரணிதரன் என்று ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். ஒரு குறிப்பிட்ட வகை டிஸ்க்கில், பழையதை வைத்துக்கொள் என்று சொன்னாலும் சிடி அழித்துவிடுகிறது என்று. பிழைப் பட்டியலில் அது 'வெளியீட்டை நிறுத்த வேண்டிய பிழை' என்று ஏறியிருந்தது. நரசிம்மன் தன் வீட்டு இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தார், அழியவில்லை. மறுநாள் ஆயிரம் சிடி அச்சுக்குப் போக வேண்டும். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. 'சிறு பிழை' என்று மாற்றி, அடியில் 'அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம்' என்று எழுதினார். எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். சித்திரை ஒன்றாம் தேதி விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தௌசிஃபின் மெயில் வந்ததும் என்ன டிஸ்க் என்று கேட்டார். பரணிதரன் எழுதியிருந்த அதே வகை டிஸ்க். உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாமல்லபுரம் தாண்டும்வரை பஸ்ஸில் ஒத்திகையெல்லாம் பார்த்தார். இங்கே வந்தால், இந்தப் பிள்ளை டீயும் சமோசாவும் வாங்கி வைத்துக்கொண்டு தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறது. அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததை நினைக்கத்தான் அவருக்கு அவமானமாக இருந்தது.

அலீனா திரும்பினாள். "சார், ஒரு லெட்டர் குடுப்பீங்களா? எச்.ஓ.டி. கிட்ட அழுது பாத்துட்டேன். கரண்ட் போச்சு, வைரஸ் வந்துச்சுன்னு எல்லாருந்தான் வர்றீங்க, தேதி தேதிதாங்கறாரு. சிடியிலதான் கோளாறுன்னு அத செஞ்சவங்களே எழுதிக் குடுத்தா பத்து நாள் யோசிக்கலாம்னாரு. பத்து நாள் கெடச்சா போதும், முடிச்சிடுவேன்."

"எழுதும்மா. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். எல்லாவற்றையும் அழித்த அதே லினக்ஸில்தான் அடித்தாள். எழுத்துகள் துளிப் பிசகில்லாமல் விழுந்தன. குறை எங்கள் சிடியில் இருந்தது, பயன்படுத்தியவர் பேரில் தவறில்லை என்று முடித்தார். அதோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"இந்தக் கோளாறு உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சுதுன்னு ஒரு தேதி போட்டுடலாமா சார்? இல்லன்னா எனக்காவ இப்ப எழுதுனாப்ல தெரியும்."

பதினாறு, சிடி வெளிவந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லலாம். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. நரசிம்மன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏப்ரல் ஒம்பது."

ஒன்பதை அடித்த விரல் அங்கேயே நின்றது. "சிடி வந்தது பதினாலுதானே சார்?"

"ஆமாம்மா. தெரிஞ்சுதான் விட்டோம். நான்தான் விட்டேன்."

பிரிண்டரில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்த தௌசிஃப் நிமிர்ந்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அவனோ, பரீட்சை ரிசல்ட் கேட்பவன்போலத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்போ... நான் சரியாத்தான் அமுக்கனேனா சார்?"

"சரியாத்தான் அமுக்கினீங்க."

அலீனா அண்ணனைப் பார்த்தாள். பிறகு பட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பேப்பர் வைண்ணே" என்றாள்.

கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டார். அவரை யாரும் திட்டவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. தௌசிஃப் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தேதியிருந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

நரசிம்மன் பஸ்ஸுக்காக எதிர்ச்சாரியில் வந்து நின்றபோது கண்ணாடிக்கு அப்பால் இருவரும் தெரிந்தார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிப்ரவரித் தாள்களைப் பார்த்து வரி வரியாக வாசித்தான். தங்கை அடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் எங்கோ தப்பாக வாசித்துவிட்டான் போலிருக்கிறது, அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவன் தலையைத் தடவிக்கொண்டே மறுபடி அதே வரியில் விரலை வைத்தான்.