இன்ஜினின் காது

...அதுவும் மூன்று முறை என்று எதற்குச் சொன்னேன், ஒருமுறை என்றிருந்தால் பொய்யின் எடையாவது குறைந்திருக்கும், ஆனால் எனக்கு எதையும் ஒன்றோடு விடத் தெரியாது, பருத்திப்பட்டு ஏரியில் பார்த்த கெளுத்தி கோவில்பதாகை வீட்டுக்கு வருவதற்குள் முதலையாகிவிடும், ஓய்வு பெற்று ஒன்பது வருடம், வேறென்ன வேலை... இந்த ஷேர் ஆட்டோ வேறு நகரமாட்டேன் என்கிறது. மணி இரண்டே கால். மூன்று மணிக்கு என் மகள் ரோஷினி கரையான்சாவடி ஃப்ளாட்டில் கேமரா முன்னால் உட்கார்ந்து நாற்பது லட்சம் பேரிடம், சரி, நாலாயிரம் பேரிடம், இது என் அப்பா வேலை பார்த்த டாங்கி தொழிற்சாலையில் நிஜமாகவே இருந்த வழக்கம் என்று சொல்லப்போகிறாள். சாமியை வைத்துக் கண்டபடி கதை விடுகிறாள் என்று எவனோ எழுதிவிட்டானாம், நிரூபிக்கப்போகிறாளாம். நேற்று அவள் போனில் சொன்னதிலிருந்து எனக்குக் காபியே இறங்கவில்லை, அதாவது நாலு டம்ளர்தான் இறங்கியது. கிளம்பும்போது என் மனைவி கமலம் கேட்டைச் சாத்திக்கொண்டே வழக்கம்போல ஏதோ முணுமுணுத்தாள், என்னைத்தான் திட்டுவாள், திட்டட்டும்.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கதை எழுதுவது ரோஷினியின் உத்தியோகம். அவள் கதையில் ஒரு விண்கலம், நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகிற கோயில், அணு உலை இருக்கும் அறைக்குப் பெயர் கருவறை, விண்வெளி உடைக்கு மேலே ஈர வேட்டி கட்டிய ஒருவன் ஆறு காலமும் எரிபொருள் ஊற்றுவான்... இதெல்லாம் அவள் கோயில் கோயிலாக அலைந்து எடுத்தது. ஆயுத பூஜைக்கு டாங்கியின் செயினடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம், நாற்பது டன்னுக்கு ஒரே ஒரு பழம், அதுவும் சத்தியமாக நிஜம். அதோடு வாயை மூடியிருக்கலாம். இன்னும் ஏதாவதுப்பா, என்று நோட்டோடு கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரால் சும்மா இருக்க முடியும்? நந்தி காதில் சொல்கிற மாதிரி, சோதனை ஓட்டத்துக்குப் போகும் டாங்கியின் இன்ஜின் காதில் ஓட்டுபவன் தன் வீட்டில் காத்திருப்பவர் பெயரை மூன்று முறை சொல்வான், அப்போதுதான் வண்டி அவனைத் திரும்பக் கொண்டுவரும் என்று அடித்துவிட்டேன். இன்ஜினுக்கு ஏது காது? காற்று வடிகட்டியின் மூடி என்றேன், கூசாமல். அதை அவள் அப்படியே விளையாட்டில் வைத்துவிட்டாள், அந்த இடத்தில்தான் விளையாடுகிறவர்கள் எல்லாம் அழுகிறார்களாம்.

ஒரு சாட்சியாவது வேண்டுமே... செந்நீர்க்குப்பம் தாண்டும்போது ஞானசேகரனைப் போனில் பிடித்தேன், எனக்குக் கீழே டாங்கி ஓட்டியவன். டேய் ஞானம், இன்ஜின் காதுல பேரு சொல்வோம்னு யாராவது கேட்டா ஆமான்னு சொல்லுடா, என்றேன். "இன்னா அண்ணாத்தே, இதுக்குப் போயி குசுகுசுன்னு பேசிகினு கீறே, சொல்லிகினுதானே இருந்தோம்?" எவன் சொன்னான்? "நான்தான். ரிட்டையர் ஆவுற வரிக்கும் என் பொண்டாட்டி ரேணுகா பேரச் சொல்லிட்டுதான் வண்டிய எடுப்பேன். ஒருநாள் மறந்துட்டு, பாதி வழில எறங்கி நின்னு சொன்னேன், சூப்பர்வைசர் கிழி கிழின்னு கிழிச்சான். சேந்த அன்னிக்கே நீதானே சொல்லிக் குட்த்தே? அப்பால வந்த பசங்களுக்கு நான் சொல்லிக் குட்த்தேன்." சொன்னேனா? சொல்லியிருப்பேன், புதுப்பையனைக் கலாய்க்க நான் சொல்லாதது உண்டா... நேற்று முளைத்தது என்று நினைத்த பொய்க்கு முப்பது வருட சர்வீஸ். எத்தனை வருடத்தில் ஒரு பொய் பெர்மனென்ட் ஆகும்? சந்தோஷத்தில் ஆட்டோவிலேயே குதித்திருக்க வேண்டும், ஆனால் பாதி வழியில் இறங்கி நின்ற ஞானமே கண்ணுக்குள் நிற்கிறான்.

மூன்றுக்குப் பத்து நிமிடம். ரோஷினி தலை வாரிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சொல் கூட்டாமல். சீப்பு பாதியில் நின்றது. பாவிப்பா நீங்க, என்றாள். மறுபடி வாரிக்கொண்டே, "ஞானம் மாமா பாதி வழியில எறங்கி நின்னாரே, அது நிஜம்தானே? இதையே சொல்லிடறேன், நீங்க கலாய்ச்சதையும் சேர்த்து," என்றாள். என் கையில் விளையாட்டுக் கருவியைத் திணித்தாள். டிவி முழுக்கக் கருப்பாக ஒரு இன்ஜின், அதில் காது, பக்கத்தில் மைக் விளக்கு மினுக் மினுக்கென்று, பெயர் சொல்லு என்று... "ஒரு தடவைகூட ஆடிப் பார்க்கலையே நீங்க. அப்போ யார் பேருப்பா சொல்வீங்க?" நானா? நான் எதையும் சொன்னதில்லையே, முப்பத்தாறு வருடம் சும்மா ஏறி உட்கார்ந்து கிளம்புவேன், ஒவ்வொரு தடவையும் கீறல் இல்லாமல் திரும்பி வந்துவிடுவேன்... விளக்கு மினுக்குகிறது. கேட்டைச் சாத்தும்போது, வேலைக்குப் போன காலத்திலிருந்து தினமும், கமலம் என்னதான் முணுமுணுக்கிறாள்?