துளை இல்லாத தகடு

எனோராவும் பெரிக்கும் பிரான்சின் ரென் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து கணிதம் செய்த கணவன் மனைவி. காந்தப்புலத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் மிகக் குறைந்த ஆற்றல் எவ்வளவு என்பதே இருவரின் பிழைப்பு. நடுவில் துளையுள்ள தகட்டில் புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த ஆற்றல் ஏறி இறங்கும். அது கணிதக்காரர்களான எங்கள் எல்லோருக்கும் தெரியும். துளை இல்லாத தகட்டில், புலம் வலுத்தபின் அது இறங்கவே இறங்காது என்று இருவரும் நிறுவினார்கள். அந்த நிறுவலைத் தாங்கிய லெம்மா, அதாவது துணைத்தேற்றம், பெரிக்குடையது. அதை நம்பித்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தான்.

மே மாதம், நேர்காணலுக்கு முந்தைய சனிக்கிழமை, சந்தையில் தொத்திறைச்சி சுற்றிய கலெத் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது எனோரா சொன்னாள்:

"பெரிக், உன் லெம்மா தப்பு."

"நிம்மதியா திங்கக்கூட விடமாட்டியா?"

"தகட்டுல துளை இல்ல, சரி. ஆனா புலத்தை ஒரு வளையத்துல மட்டும் கம்மியா வெச்சா? எலக்ட்ரான் தானா அதுக்குள்ள போயி ஒடுங்கிக்கும். துளை இருக்கற மாதிரியேதான் ஆயிரும். புலத்தை எவ்வளவு ஏத்தினாலும் ஆற்றல் ஏறும், இறங்கும்."

எண்ணெய் படிந்த காகிதத்தில் வளையத்தை வரைந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"நேர்காணல் முடியற வரைக்கும் வாயத் திறக்காத. அப்புறம் ரெண்டு பேருமே திருத்தம் எழுதி அனுப்பலாம்."

"தெரிஞ்சே பொய் சொல்லப்போறியா?"

"இத்தனை வருஷமா தற்காலிக வேலையில நாயா அலைஞ்சிருக்கேன், எனோரா. எனக்காக இது ஒண்ணு."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதவி கிடைத்தது. திருத்தத்தை எப்போது அனுப்பலாம் என்று கோடை முழுவதும் கேட்டாள்; அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றான்.

அக்டோபரில் ரென்னில் நடந்த கருத்தரங்குக்கு, எனோராவின் பழைய சிநேகிதியான நான் நாந்த் நகரிலிருந்து போயிருந்தேன். பெரிக் பலகையில் ஒரு வளையம் வரைந்தான்.

"எங்க பழைய கட்டுரையில ஒரு ஓட்டை. எனோரா எழுதின பகுதியில. பாவம், அவசரத்துல கவனிக்கல. கோடையெல்லாம் மண்டைய ஒடைச்சு இதைக் கண்டுபிடிச்சேன்."

முன்வரிசையில் இருந்த எனோரா கேட்டாள்: "எந்த லெம்மா, பெரிக்?"

"வீட்டுல போயி திட்டு, செல்லம்."

அறையே சிரித்தது. விஷயம் தெரியாமல் நானும் சிரித்தேன். வெளியே நடைவழியில்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அங்கயே எழுந்து கிழிச்சிருக்கலாமேடி!" என்றேன்.

"என்னன்னு சொல்றது? தப்புன்னு தெரிஞ்சும் மே மாசம் அவனுக்காக மூடி வெச்சேன்னா? இப்ப பேசினா பொறாமைம்பாங்க."

குளிர்காலத்துக்குள் அவனையும் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிட்டு, சேன்-பிரியே என்ற ஊரில் பள்ளி ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தாள்.

மறுவருடம் பெரிக் தனிப் பெயரில் எழுதிய கட்டுரை ஒரு கணிதப் பத்திரிகையிலிருந்து மதிப்பீட்டுக்கு என்னிடம் வந்தது. வரிவரியாகப் பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை, அத்தனையும் அவள் சொன்ன வழி. கணிதம் சரி, ஆனால் கண்டுபிடித்தவர் வேறு என்று பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன்.

கணிதம் சரியாக இருப்பதில் மகிழ்ச்சி, குடும்பச் சண்டைகளில் பத்திரிகை தலையிடுவதில்லை என்று பதில் வந்தது.