திங்கட்கிழமைப் பூசை

மனைவி நோரா சன்னல்களைச் சாத்தியதும் ராஜநாயகம் ரேடியோவின் குமிழை மெல்லத் திருப்பினார். சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கிருந்து தினமும் தமிழில் பேசினார்கள். முதலில் மூழ்கிய கப்பல்கள். பிறகு சிறையில் கிடக்கும் காங்கிரஸ் தலைவர்கள். பிறகு ஒரு சினிமாப் பாட்டு. கடைசியில், பிடிபட்ட சிப்பாய்களின் பெயர்கள். அதற்காகத்தான் மற்றதையெல்லாம் கேட்டார்கள்.

வியாழக்கிழமை அந்தப் பெயர் வந்தது. இக்னேஷியஸ், தகப்பனார் ராஜநாயகம், மயிலாப்பூர். சுகம்.

இருவரும் நிலையம் ஓய்ந்த பிறகும் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரியின் ரேடியோ சொன்னதை வெளியே சொல்வது குற்றம். ராஜநாயகம் தந்தி ஆபீஸ் குமாஸ்தா. வேலை போவதோடு முடியாது, சிறைதான்.

சனிக்கிழமை, தெருவின் விமானத் தாக்குதல் வார்டன் தணிகாசலம் வாசலில் நின்றார்.

"இன்னா சார், நேத்து அம்மா மாதா கோயில்லேர்ந்து வந்துக்கினு இருந்தாங்க, மூஞ்சி பூரா சிரிப்பு. புள்ளகிட்டேர்ந்து தகவல் கீதா?"

"ஒண்ணுமில்லையே."

"அப்ப ஜப்பான்காரன் தோத்துட்டானா? சர்க்கார் எனக்கு மட்டும் சொல்லலியா?" சிரித்தவரின் கண் சன்னல் பக்கம் போயிற்று. "பகல்லயே சாத்தி வச்சிக்கீறீங்களே, புழுங்கல?"

அவர் போனதும் ராஜநாயகம் உள்ளே வந்தார். "கோயில்ல என்ன செஞ்சே?"

"பூசைக்குப் பேர் எழுதுற உபதேசியார்கிட்ட நன்றிப் பூசைக்குச் சொன்னேங்க. திங்கட்கிழமைக்கு."

"யாருக்காகன்னு?"

"இக்னேஷியஸ் பேருக்குத்தான்."

"நாளைக்குப் பிரசங்கத்துக்கு முன்னால சாமியார் அதை வாசிப்பாரே, நோரா. காணாமப் போனவன் சுகமா இருக்கான்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் முகம் வெளிறியது. "வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"உபதேசியார் இதுக்குள்ள நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பார். அவர்தான் தப்பா எழுதிட்டார்னு ஆகணும்." அவர் குரல் தாழ்ந்தது. "செத்தவங்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசைன்னு மாத்திச் சொல்லு."

"உயிரோட இருக்கிற புள்ளைக்கா?"

அவர் சாத்திய சன்னலைக் காட்டினார். வெகுநேரம் கழித்து அவள் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

திங்கட்கிழமை சாமியார் கறுப்பு உடுப்பில் வந்தார். நடுவில் வெற்றுச் சவப்பெட்டி போல ஒரு மேடை. அதன் மேல் கறுப்புத் துணி, சுற்றிலும் மெழுகுவர்த்திகள். மகனின் பெயரைச் சொன்னபோது நோராவின் உதடு அசையவில்லை. பூசை முடிந்ததும் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வெளியே தணிகாசலம் தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சுக்கோ நைனா, நான் வெளையாட்டுக்குக் கேட்டுட்டேன்" என்றார்.

தப்பித்துவிட்டோம் என்று ராஜநாயகம் நினைத்தார்.

சாயங்காலம் சன்னல்களைச் சாத்தினார்கள். வியாழன் முதல் தினமும் அதே பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை குமிழுக்குப் போனது. நோரா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க."

"ஏன்?"

"இன்னிக்கு அவன் பேர் வரலேன்னா?"

அவள் கை சில்லென்று இருந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குமிழைத் திருப்பவும் இல்லை.