கூரைக்குக் கீழே

...பல் தேய்த்தாயிற்று, காப்பி குடித்தாயிற்று, இஸ்திரி போடாத சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து உட்கார்ந்தாயிற்று, கணினித் திரையைத் திறந்தால், சேதம் குறிக்க என் பங்குக்கு வந்திருப்பது எங்கள் தெரு. புயலுக்கு முன் எடுத்த படம் இடப்பக்கம், பின் எடுத்தது வலப்பக்கம். செயற்கைக்கோளுக்குத் தெருவைத் தெரியாது, கூரையைத்தான் தெரியும், கூரை கலைந்திருந்தால் சிவப்பு, முழுசாக இருந்தால் பச்சை, பச்சை வைத்த தெருவுக்கு நிவாரணம் கிடையாது, யாரும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்த வளைவு, அதை ஒட்டி... எங்கள் வீடு. மொட்டைமாடி அப்படியே இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிகூட நகரவில்லை, என்ன கெட்டியான வீடு! கடல் முன்கதவால் நுழைந்து, பின்சுவரைப் பிய்த்துக்கொண்டு, உள்ளே இருந்த என் மனைவியையும் இழுத்துக்கொண்டு போனது, ஆனால் அது கூரைக்குக் கீழே நடந்த சமாச்சாரம், மேலிருந்து பார்ப்பவனுக்கு அதெல்லாம் எதற்கு?

பக்கத்து இருக்கை வழுக்கையன் எட்டிப் பார்த்து, "கடவுளும் இந்த உயரத்துலேர்ந்துதான் பாக்குறாரு போல, அதான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றான், யார் வீடென்று புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், நல்ல ஜோக்தான், சிரிக்கலாம் என்றுதான் பார்த்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை. மேலாளரிடம் போனேன், சிவப்பு வைக்கட்டுமா சார், தெரு முழுக்கச் சுவர் இல்லை, போய்ப் பார்த்தவன் சொல்கிறேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ அப்புறம் போய்ப் பாத்ததுப்பா. சுவரு தண்ணியில போச்சா, முன்னாடியே இடிஞ்சு கெடந்துச்சான்னு மேல கேப்பாங்க. தண்ணி வந்தப்ப அங்கயே இருந்தவங்க யாராவது சொல்லியிருந்தா மாத்தலாம்."

இருந்தவர்கள்... அக்கம்பக்கத்தார் முன்னமே கிளம்பிவிட்டார்கள், இருந்தவள் ஒருத்திதான். கடைசியில் என் பேரைச் சொல்லி அழுதாளாம், துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்கிறாள், "உங்களத்தான் மாப்ள கூப்பிட்டிருக்கா" என்று என்னிடமே சொல்கிறாள், நானும் தலையாட்டுகிறேன், பெற்றவளுக்கு அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் போனில் கேட்டவன் நான். அழவில்லை, பேரும் சொல்லவில்லை, இந்த அலுவலகத்தில் யாருக்கும் வராத அளவு சரியாகப் பார்த்துச் சொன்னாள், இதை எந்த நிறத்தில் வைப்பது?

"மேல ஒண்ணும் ஆகலப்பா, கீழதான், பின்சுவரு ஆடுது... வை, கை ஈரமா இருக்கு."